கடற்படைப் பென்ஷன்காரர் வீட்டுக் கோப்பு: அவர் இருக்கும்போதே சரிசெய்ய வேண்டியவை

நேவியில் பதினைந்து, இருபது வருஷம் ஓடிவிட்டு தேவனாம்பட்டினத்திலோ வில்லியனூரிலோ வீடு கட்டிக் குடியேறியவரின் வீட்டில், பென்ஷன் காகிதம் எல்லாம் அவர் கையில்தான் இருக்கும். அவர் கப்பலில் இருந்த காலமெல்லாம் பால் கணக்கு, பள்ளிக் கட்டணம், மாமியார் மருந்து என்று வீட்டை ஒற்றை ஆளாக நடத்தியவர் மனைவி. பென்ஷன் மட்டும் "அதெல்லாம் அவர் பார்த்துக்குவார்" என்று ஒதுங்கிவிடும். பல வீடுகளில் அந்தக் கோப்பு அந்த அம்மா கைக்கு முதன்முதலாக வருவது கணவரின் காரியம் முடிந்த மறுநாள்தான். அன்றைக்குப் பார்த்தால் பென்ஷன் வழங்கும் உத்தரவான பி.பி.ஓ.வில் அந்த அம்மாவின் பெயர் வேறு மாதிரி இருக்கும், பிறந்த தேதி இருக்காது, பதிவான மொபைல் எண் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருக்கும். இவை எல்லாமே கணவர் உயிரோடு இருக்கும்போது சில வாரங்களில் முடிகிற வேலை. அவர் போன பிறகு அதே வேலை மாதக்கணக்கில் இழுக்கும்.

இந்தியக் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்து பென்ஷனோடு வந்தவர்களின் குடும்பத்துக்கு எழுதியது இது. மாலுமிக்குப் பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 15 ஆண்டு பணி வேண்டும், அதிகாரிக்கு 20. புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பிரெஞ்சு அரசிடம் பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய வழி பிரெஞ்சுத் துணைத் தூதரகம் வழியாகப் போவது, இங்கே சொல்வது அவர்களுக்குப் பொருந்தாது.

முதலில் காகிதங்கள்

ஒரு கோப்பில் இவை இருக்க வேண்டும்: டிஸ்சார்ஜ் புத்தகம், முதல் பி.பி.ஓ., பிறகு வந்த திருத்த பி.பி.ஓ.க்கள் அத்தனையும், ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறை இணையப் பென்ஷன் முறை வந்தபின் கிடைத்த புதிய பி.பி.ஓ. எண் உள்ள தாள், எக்ஸ் சர்வீஸ்மேன் அடையாள அட்டை, இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டக் கார்டுகள், கேன்டீன் கார்டு, திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பென்ஷன் வரும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். இதோடு பலரும் மறக்கும் ஒன்று, நேவல் குரூப் இன்ஷூரன்ஸ் சான்றிதழ். ஓய்வுபெறும்போது கணக்கில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு, அதன்பின் பல ஆண்டுகளுக்கு இறப்புக் காப்பீடு தரும் திட்டம் அது. பி.ஆர்.டி.ஐ.இ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். காப்பீடு எந்தத் தேதி வரை என்பது சான்றிதழிலேயே இருக்கும். அந்தத் தேதியைக் கோப்பின் மேலட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். பென்ஷன் அலுவலகம் இந்தப் பணத்தைத் தராது, நினைவூட்டவும் செய்யாது. இது புதுதில்லியில் உள்ள காப்பீட்டு நிதியிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய பணம்.

பழைய பி.பி.ஓ. எண்ணும் ஸ்பர்ஷ் எண்ணும் வேறு வேறு. புதியது வந்துவிட்டதே என்று பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். ரேங்க், குரூப் (சம்பளப் பிரிவு), பணிக்காலம், மனைவி பெயர் ஆகியவை முதலில் எப்படிப் பதிவாயின என்பதற்கு அந்தப் பழைய தாள்தான் சாட்சி.

கடற்கரை ஊரில் காகிதம் காப்பது தனி வேலை. உப்புக் காற்றில் ஸ்டேப்ளர் பின்னும் குண்டூசியும் இரண்டு மழைக்காலத்திலேயே துருவேறி, அந்தத் துரு எழுத்தின் மேல் பரவும். எல்லாப் பின்னையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு ஆவணத்தையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பி.பி.ஓ.விலும் பின்னால் குறிப்பு எழுதவோ முத்திரை குத்தவோ வேண்டி வரும், லேமினேட் செய்த தாளில் அது முடியாது. வைக்கும் இடத்தையும் யோசியுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரில் கூரைகளைப் பெயர்த்தது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் தரையெல்லாம் வெள்ளமாக்கியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உள்ள பரணும் ஆகாது, கட்டிலடிப் பெட்டியும் ஆகாது. பீரோவின் நடுத் தட்டு, ஜிப் வைத்த கெட்டிப் பிளாஸ்டிக் பைக்குள் என்பதே சரி. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, வெளியூரில் இருக்கும் மகளுக்கோ மகனுக்கோ அனுப்பி வைத்துவிடுங்கள்.

பெயர்: பாதிச் சிக்கல் இங்கேதான்

கடற்படைப் படிவத்தில் முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டம். நமக்கு இருப்பதோ இனிஷியலும் ஒரு பெயரும். சேர்ந்த நாளில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னபோது அப்பா பெயர் முதல் கட்டத்தில் விழுந்திருக்கும். பணிக்காலம் முழுக்க அப்பா பெயராலேயே அழைக்கப்பட்டவர்கள் ஏராளம். ஆதாரில் அதே ஆள் பெயர் முன்னாலும் இனிஷியல் பின்னாலுமாக இருப்பார். பான் கார்டில் இனிஷியல் விரிந்து, அப்பா பெயர் கடைசியில் நிற்கும். மனைவி விஷயம் இன்னும் கடினம். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். பள்ளிச் சான்றில் தமிழ்ச்செல்வி, வீட்டில் செல்வி, பி.பி.ஓ.வில் கணவர் அவசரத்தில் எழுதிக்கொடுத்த வீட்டுப் பெயர்.

இதோடு ஆங்கில எழுத்துக்கூட்டல் சேரும். பூங்குழலியின் ழகரத்தை ஒரு அலுவலகம் இசட்-எச் போட்டு எழுதும், இன்னொன்று எல் போட்டு எழுதும். த-வுக்கு டி மட்டும் ஒரு தாளில், டி-எச் இன்னொரு தாளில். நம் கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு ஆட்கள்.

ஒரு முழுத்தாளை எடுத்து, இடப்பக்கம் குடும்பத்தார் ஒவ்வொருவரையும் வரிசையாக எழுதுங்கள். மேலே டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ., ஸ்பர்ஷ், ஆதார், பான், வங்கி, இ.சி.எச்.எஸ். கார்டு என்று கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆங்கில எழுத்தை உள்ளது உள்ளபடி, இடைவெளியும் புள்ளியும் உட்பட, எழுதுங்கள். அதற்குக் கீழே பிறந்த தேதி. ஒரு மாலை நேர வேலைதான். எங்கே பொருந்தவில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அடுத்தது, எதை மாற்றி எதற்குப் பொருத்துவது? இதில் அவசரப்பட்டுத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே தடவை. அதனால் முதலில் ஆதார் மையத்துக்கு ஓடாதீர்கள். அதிக ஆவணங்கள் எந்தப் பெயரில் ஒத்துப்போகின்றனவோ அதுவே நிற்கட்டும். ஆதார், பான், வங்கி, பள்ளிச் சான்று நான்கும் தமிழ்ச்செல்வி என்று சொல்லி, பி.பி.ஓ. மட்டும் செல்வி என்றால் பி.பி.ஓ.வைத் திருத்துவதுதான் முறை. பி.பி.ஓ.வும் பள்ளிச் சான்றும் ஒன்றாக இருந்து ஆதார் மட்டும் விலகினால், ஆதாரை மாற்றுங்கள். எழுத்துக்கூட்டல் வேறுபாட்டுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் எடுக்கும் உறுதிமொழிப் பத்திரம் பெரும்பாலும் போதும். பெயரே வேறு என்றால் அரசிதழ் அறிவிப்பு கேட்பார்கள். கடலூர்க்காரர்களுக்குத் தமிழ்நாடு அரசிதழ், புதுச்சேரிக்காரர்களுக்குப் புதுச்சேரி அரசிதழ்.

பணியில் இருந்தபோது திருமணமும் குழந்தை பிறப்பும் ஜென்ஃபார்ம் என்ற கடற்படைப் படிவம் வழியாக ஆவணத்தில் ஏறியிருக்கும். ஏறாமல் விட்டவை, ஓய்வுக்குப் பிறகு நடந்த திருமணம், முதல் மனைவி இறந்தபின் செய்துகொண்ட மறுமணம் ஆகியவற்றுக்கு மும்பை மான்குர்டில் உள்ள நேவல் பென்ஷன் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மனு, திருமணப் பதிவுச் சான்று, முதல் மனைவியின் இறப்புச் சான்று, இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம், ஆதார் நகல்கள், டிஸ்சார்ஜ் புத்தக நகல் ஆகியவற்றை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கோப்பில் வையுங்கள். கடலூரில் உள்ளவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவும், புதுச்சேரியில் உள்ளவர்கள் சைனிக் நலத்துறை வழியாகவும் மனு அனுப்புவது நல்லது. என்னென்ன இணைப்பு குறைகிறது என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள், மும்பையிலிருந்து திரும்பி வரும் தபால் மிச்சம். முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது இன்னொருவரை மணந்திருந்தால் அந்த இரண்டாமவருக்குக் குடும்பப் பென்ஷன் கிடையாது. ஆனால் அந்த உறவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. கசப்பான பேச்சுதான், ஆனால் அந்தப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் சரியாக இருக்கிறதா என்பதை அவர் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

மனைவியின் பிறந்த தேதியை யாரும் பொருட்படுத்துவதில்லை. இதில் பணம் இருக்கிறது. பென்ஷன்காரரானாலும் குடும்பப் பென்ஷன் வாங்குபவரானாலும் 80 வயது நிறைவடையும் மாதத்திலிருந்து அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் 100 சதவீதம். ஆவணத்தில் அந்த அம்மாவின் பிறந்த தேதி காலியாக இருந்தால் கணினி அவருக்கு 80 ஆனதை அறியாது. பழைய ஆட்களுக்குப் பள்ளிச் சான்று இருக்காது, ஆதாரில் ஜனவரி 1 என்று ஏதோ ஒரு வருஷம் போட்டிருப்பார்கள். புதுச்சேரி மண்ணில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிறப்பு அன்றே பிரெஞ்சு மொழியில் பதிவேட்டில் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். நகராட்சியிலோ கொம்யூனிலோ தேடி அந்தப் பதிவின் சான்று நகலை எடுத்து, மொழிபெயர்ப்போடு வைத்துக்கொண்டால் அதைவிட வலுவான ஆதாரம் வேறில்லை.

ஸ்பர்ஷும் உயிர்வாழ் சான்றும்

முதல் தடவை ஸ்பர்ஷில் நுழைந்ததும் பென்ஷனர் டேட்டா வெரிபிகேஷன் என்று ஒரு பக்கம் வரும். பலர் வரிசையாக 'சரி' அழுத்திக்கொண்டே போய்விடுகிறார்கள். அந்தப் பக்கத்தில்தான் ரேங்க், குரூப், பணிக்காலம், மனைவி பிள்ளைகள் விவரம் எல்லாம் இருக்கும். மேலே போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். வங்கியிலிருந்து ஸ்பர்ஷுக்கு மாற்றியபோது விவரம் பிசகிய பென்ஷன்கள் கொஞ்சமல்ல. குறிப்பாக எக்ஸ் குரூப்பில் இருந்தவர் ஒய் குரூப்பாகப் பதிவானால் பென்ஷன் தொகையே இறங்கிவிடும். தவறு இருந்தால் புகார்ப் பகுதியில் பதிந்து, டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் பழைய பி.பி.ஓ.வையும் ஏற்றுங்கள். தொலைபேசியில் கேட்க 1800-180-5325 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

உயிர்வாழ் சான்றை அடுத்து எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பது ஸ்பர்ஷ் கணக்கிலேயே தெரியும். 'எல்லோருக்கும் நவம்பர்தானே' என்று நினைத்திருக்காமல் அந்தத் தேதியைப் பார்த்துக் காலண்டரில் வட்டம் போடுங்கள். வீட்டிலிருந்தே செய்ய ஒரு ஆண்ட்ராய்டு போன் போதும். ஆதார் ஃபேஸ் ஆர்.டி., ஜீவன் பிரமாண் என்ற இரண்டு செயலிகளையும் இறக்குங்கள். முதலில் ஆபரேட்டர் என்ற இடத்தில் போன் வைத்திருப்பவர், மகனோ மகளோ பென்ஷன்காரரே கூடவோ, தன் ஆதார் எண்ணையும் மொபைலையும் மின்னஞ்சலையும் கொடுத்து முகத்தைக் காட்ட வேண்டும். பிறகு பென்ஷன்காரரின் ஆதார், பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு எண் கேட்கும்.

பிழை நடப்பது இந்த இடத்தில்தான். வழங்கும் ஏஜென்சி என்று கேட்கும்போது பழக்கத்தில் பழைய வங்கியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஸ்பர்ஷுக்கு மாறியவர் அங்கே ஸ்பர்ஷையே தேர்ந்தெடுக்க வேண்டும், பி.பி.ஓ. எண்ணும் ஸ்பர்ஷ் தந்த புதிய எண்ணாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சான்று உருவாகும், எண்ணும் குறுஞ்செய்தியில் வரும், ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது. பிரமாண் எண் வந்துவிட்டதால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். சில நாள் கழித்து ஸ்பர்ஷில் நுழைந்து அடுத்த தேதி ஒரு வருஷம் தள்ளிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். அது தள்ளிப்போனால்தான் சான்று ஏற்கப்பட்டது என்று பொருள்.

முகம் பிடிபடவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் வராது. விரல்ரேகை வைக்கும் மையங்களில் வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து ஏழெட்டுத் தடவை முயல வேண்டியிருக்கும், அதனால் முகவழியே மேல். பொதுச் சேவை மையத்திலும் செய்யலாம், தாளில் கையெழுத்திட்ட சான்றை ஸ்பர்ஷில் ஏற்றவும் வழி உண்டு. நேவிக்குப் பிறகு வங்கியிலோ அரசு வேலையிலோ இருந்து இரண்டாவது பென்ஷனும் வாங்குபவர், ஒவ்வொரு பி.பி.ஓ.வுக்கும் தனித்தனியாகச் சான்று தர வேண்டும். ஒன்றைத் தந்தால் மற்றதற்கும் ஆகிவிடாது.

மாதச் சீட்டில் பார்க்க வேண்டியவை குறைவு. அடிப்படைப் பென்ஷன், அகவிலை நிவாரணம், கம்யூட்டேஷன் பிடித்தம் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியதற்கான கழிவு). கம்யூட் செய்த பணம் கைக்கு வந்ததிலிருந்து 15 ஆண்டு முடிந்ததும் அந்தப் பிடித்தம் நிற்க வேண்டும். 16-ஆம் ஆண்டிலும் பிடித்தால் உடனே புகார் பதியுங்கள். ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் திட்டத்தில் 2014 ஜூலை 1-க்குப் பின் 2019, 2024 ஆகிய ஆண்டுகளின் ஜூலை 1-லிருந்து தொகை திருத்தப்பட்டது. அந்தப் பட்டியலில் உங்கள் ரேங்க், குரூப், பணி ஆண்டு சந்திக்கும் கட்டத்தில் உள்ள தொகையும் சீட்டில் உள்ள அடிப்படைத் தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டால் போதும்.

அவர் இறந்த பிறகு

முதல் வேலை இறப்புப் பதிவு, 21 நாளுக்குள். அதன்பின் தாமதக் கட்டணம். ஒரு மாதம் தாண்டினால் அனுமதியும், ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவும் வேண்டும். பதிவு நடப்பது உயிர் பிரிந்த இடத்தில், வீடு இருக்கும் இடத்தில் அல்ல. கடலூர்க்காரர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். ஜிப்மரில் இறந்தவருக்குச் சான்று புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சியில் கிடைக்கும். கடலூர் மாநகராட்சியில் எத்தனை தடவை கேட்டாலும் அங்கே பதிவு இருக்காது. கடலூர் மாவட்டக் கிராமத்தில் வீட்டிலேயே இறந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலர்தான் பதிவாளர். மருத்துவமனையில் சேர்க்கும் சீட்டிலேயே பி.பி.ஓ.வில் உள்ளபடி பெயரைக் கொடுங்கள். அவசரத்தில் வீட்டுப் பெயரைச் சொல்லிவிட்டால் அதுவே இறப்புச் சான்றிலும் ஏறி, பிறகு திருத்த அலைய வேண்டும். இறப்புச் சான்றின் அசல் பிரதிகள் குறைந்தது பத்து வாங்கி வையுங்கள்.

ஏ.டி.எம். கார்டைத் தொடாதீர்கள். இறந்த நாள் வரைக்கும்தான் அவருடைய பென்ஷன். அதற்குப் பிந்தைய நாட்களுக்கு வரவாகிவிட்ட பணத்தைத் திரும்பப் பிடிப்பார்கள். எடுத்துச் செலவழித்திருந்தால் அந்த அம்மாவின் குடும்பப் பென்ஷனிலிருந்து கழியும்.

அடுத்து ஸ்பர்ஷில் மரணத்தைப் பதிந்து, இறப்புச் சான்று, மனைவியின் ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். பி.பி.ஓ.வில் மனைவி பெயர் சரியாக இருந்தால் குடும்பப் பென்ஷனுக்கு வாரிசுச் சான்றிதழ் தேவைப்படாது. நாமினி பதிவு இல்லாமல் நிலுவைத் தொகையை வாங்கவோ, மனைவி பெயரே ஆவணத்தில் இல்லாமல் போனாலோதான் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்க வேண்டி வரும். இரண்டு மாதம் அங்கே போகும். ஆகவே ஸ்பர்ஷில் நாமினி யார் என்பதை இன்றே பாருங்கள். பல கணக்குகளில் காலமாகிவிட்ட அம்மா பெயர்தான் இன்னும் இருக்கிறது.

தொகை எவ்வளவு வரும்? சாதாரண விகிதம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வுக்குப் பிறகு இறந்தால் 50 சதவீதம் என்ற உயர் விகிதம் 7 ஆண்டுக்கு, அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது முடியும் நாள் வரைக்கும், இவற்றில் எது முன்னால் வருகிறதோ அதுவரைக்கும். அவர் வாங்கிய பென்ஷனைத் தாண்டி இந்த உயர் விகிதம் போகாது. 64 வயதில் இறந்தார் என்றால் மூன்று வருஷம் உயர் விகிதம், பிறகு சாதாரண விகிதம். 70 வயதில் இறந்தால் முதல் நாளிலிருந்தே சாதாரணம்தான். பணியில் இருக்கும்போதே இறந்தவருக்கு உயர் விகிதம் 10 ஆண்டு. கடைசிச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொண்டால் உயர் விகிதம் 25,000, சாதாரணம் 15,000, இரண்டின் மேலும் அகவிலை நிவாரணம். கணவர் கம்யூட் செய்ததற்காக மனைவியின் தொகையில் பிடித்தம் இல்லை, பிடித்தால் தவறு. உயர் விகிதம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதைப் பிள்ளைகள் அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் திடீரென்று பணம் இறங்கும்போது ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பதறிப்போகிறார்கள். கணவர் நேவிக்குப் பின் வேறு அரசு வேலையும் பார்த்திருந்தால், 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டு குடும்பப் பென்ஷனும் வாங்கலாம்.

இவை நடந்துகொண்டிருக்கும்போதே குரூப் இன்ஷூரன்ஸ் மனுவை அனுப்புங்கள். பென்ஷன் வந்த கணக்கு ராணுவச் சம்பளத் தொகுப்புக் கணக்காக இருந்தால் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கலாம். இறப்பு விபத்தால் என்றால் வங்கிக் கிளையில் அதே வாரம் கேளுங்கள், அதற்குக் கெடு உண்டு. கணவரின் இ.சி.எச்.எஸ். கார்டை ஒப்படைத்து, அந்த அம்மாவை முதன்மை உறுப்பினராக மாற்ற வேண்டும். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விதவையர் அடையாள அட்டை வாங்க வேண்டும். கேன்டீன் கார்டு மாற்றத்துக்கு அந்த அட்டைதான் அடிப்படை.

பிள்ளைகள்

மனைவிக்குப் பிறகு, 25 வயதுக்குள் உள்ள, மணமாகாத, சம்பாதிக்காத பிள்ளைக்குக் குடும்பப் பென்ஷன் போகும். மணமாகாத, கணவரை இழந்த, விவாகரத்தான மகளுக்கு, வருமான வரம்புக்குள் இருந்தால் 25 தாண்டியும் உண்டு. விவாகரத்தான மகள் விஷயத்தில், பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போது வழக்கு தொடுத்திருக்க வேண்டும். பிறந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷமாக இருக்கும் மகள், ஊருக்கு அஞ்சி நீதிமன்றத்துக்குப் போகாமலே இருந்தால் அந்த உரிமை கிடைக்காது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சொந்தமாகச் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்பப் பென்ஷன் உண்டு, திருமணமானாலும் உண்டு. அந்தப் பெயரைப் பெற்றோர் இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு பி.பி.ஓ.வில் ஏற்றி வைக்க விதி இடம் தருகிறது. ஏற்றாமல் விட்டு, அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அண்ணனோ சித்தப்பாவோ அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மருத்துவக் குழுவுக்கும் மும்பைக்குக் கடிதத்துக்கும் அலைவதைப் பார்க்க மனசு தாங்காது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளை என்றால் காப்பாளர் யார் என்பதற்கான உத்தரவும் வேண்டும்.

உதவித்தொகைகளில் பிரதமர் கல்வி உதவித்தொகை முக்கியமானது. தொழிற்கல்விக்கு, பிளஸ் டூவில் 60 சதவீதம் இருந்தால், பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500. முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டின் தளத்தில் முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும், இரண்டாம் ஆண்டில் புதிதாகக் கேட்க முடியாது. பெட்டி ஆபீசர் ரேங்க் வரை ஓய்வுபெற்றவர்களுக்கு மகள் திருமண உதவி 2025 நவம்பர் 1 முதல் ஒரு லட்சமாகியிருக்கிறது. திருமணத்துக்குப் பின் 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கல்யாண அலைச்சலில் இந்தக் கெடுவைத்தான் தவறவிடுகிறார்கள். பென்ஷன் கிடைக்கும் முன்பே பணி முடிந்து வந்த, 65 தாண்டிய பழைய மாலுமிகள் உங்கள் தெருவில் இருந்தால், வறுமை நிவாரணமாக மாதம் 8,000 கேட்கும் வழி இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

நள்ளிரவு நெஞ்சு வலி

இ.சி.எச்.எஸ்.ஸில் சாதாரண நாளில் பாலிகிளினிக் போய், ரெஃபரல் வாங்கி, அங்கீகரித்த மருத்துவமனைக்குப் போவது முறை. அவசரத்தில் ரெஃபரல் தேவையில்லை. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை என்றால் கார்டைக் காட்டினால் மற்றதை அவர்கள் பார்ப்பார்கள். அங்கீகாரம் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோக நேர்ந்தால், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்தாக வேண்டும். செலவை நாம் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டும், அரசு நிர்ணயித்த விகிதத்துக்குத்தான் திரும்பக் கிடைக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், அவசர நிலையில் சேர்க்கப்பட்டார் என்ற மருத்துவர் சான்று மூன்றும் இல்லாமல் மனு நிற்காது. வீட்டுக்கு அருகில் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை எது என்பதைப் பாலிகிளினிக்கில் கேட்டு, பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டு, அந்தப் பெயரையும் பாலிகிளினிக் எண்ணையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கார்டு பீரோவில் கிடந்தால் பயனில்லை. அவரவர் கார்டு அவரவர் பையில்.

அம்மா கையால் ஒருமுறை

பொங்கல் விடுமுறையில் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது அரை நாள் ஒதுக்குங்கள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மனைவியே கோப்பைத் திறக்கட்டும். ஒவ்வொரு தாளும் எதற்கு என்று அவரே சொல்லட்டும். அவரே ஸ்பர்ஷில் நுழைந்து மாதச் சீட்டை இறக்கட்டும். ஓ.டி.பி. எந்த எண்ணுக்கு வருகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் கணவரின் போனுக்கு. அவர் இறந்தபின் அந்த சிம்மைச் சில மாதம் ரீசார்ஜ் செய்யாவிட்டால் எண் வேறொருவருக்குப் போய்விடும். மனைவியின் ஆதாரில் மனைவியின் சொந்த எண் இணைந்திருக்கிறதா, வங்கிக் கணக்கு "இருவரில் எவரேனும் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் கூட்டுக் கணக்காக இருக்கிறதா, இரண்டையும் அன்றே பார்த்துவிடுங்கள். கடவுச்சொல்லைக் கணவரின் போனில் சேமித்து வைப்பது போதாது. ஒரு சிறு நோட்டில் எழுதி, பயனர் பெயர், பி.பி.ஓ. எண் இரண்டு, பாலிகிளினிக் எண், நல அலுவலக எண், இன்ஷூரன்ஸ் முடியும் தேதி ஆகியவற்றோடு கோப்பின் முதல் உறையில் வையுங்கள். கடவுச்சொல் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த நோட்டிலும் மாற்றி, பக்கத்தில் தேதி போடுங்கள்.